பழவேற்காட்டில் ஏ ஷிப்ட்

ஒரகடத்தில் எதையும் எண்ணாமல் பார்க்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் போர்டு நட்ட இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆலையில் கார், ஒன்றில் மோட்டார் சைக்கிள், ஒன்றில் டயர், ஒன்றில் கண்ணாடி. எங்களுடையது அவ்வளவு பெரிய இடம் இல்லை. பெரிய கம்பெனிக்குச் சாமான் செய்கிற கம்பெனிக்குச் சாமான் செய்கிற கம்பெனி. ஆனால் எண்ணுவதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை நாங்கள்.

நான் குவாலிட்டியில் இருக்கிறேன். நன்றாக இருக்கிற பொருளைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். இந்தப் பார்வையை ஆறு மணிக்குக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடிவதில்லை. வீட்டில் தட்டில் விழும் இட்லியில் எது வட்டம் குறைவு என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. அதை வாய்விட்டுச் சொன்னதால் ஏற்பட்ட விளைவுகளை இங்கே விவரிப்பதற்கில்லை.

எங்களைப் போன்றவர்களின் மனம் லேசாக வேண்டும் என்று எச்.ஆர். மேடம் தீர்மானித்தார். வழக்கமாக இந்தத் தீர்மானம் ஏதாவது நீச்சல்குளத்தில் போய் முடியும். இந்த முறை இயற்கை. இயற்கைக்கு டிக்கெட் விலை குறைவு என்று அக்கவுன்ட்ஸ் கண்டுபிடித்ததும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதலில் பேசப்பட்ட இடம் வேடந்தாங்கல். ஒரகடத்திலிருந்து போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். ஆனால் டிசைன் பிரிவில் ஒரு சார் இருக்கிறார். பறவை பார்ப்பதில் அவர்தான் எங்கள் கம்பெனியின் அத்தாரிட்டி. "வேடந்தாங்கல் ஸ்கூல் பசங்க போற இடம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அங்கே பறவை மரத்தில் உட்கார்ந்து தானே முகத்தைக் காட்டுமாம். கஷ்டப்பட்டுத் தேடினால்தான் பேர்டிங்காம்.

எனக்கு வேடந்தாங்கல் மேல் தனி மரியாதை உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. துப்பாக்கியோடு வந்தவர்கள் பறவைகளைச் சுட்டபோது, நேரே போய் 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் சுடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பைனாகுலர் இல்லை, தொப்பி இல்லை, இயற்கைப் பற்று பற்றி ஒரு சொற்பொழிவு இல்லை. மகசூல் கணக்குப் பார்த்தார்கள், பறவை பிழைத்தது. எங்கள் ஆட்கள் அவர்கள்.

டிசைன் சார் சொன்ன இடம் பழவேற்காடு. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பாதிக்கு மேல் ஆந்திரா, மிச்சம் தமிழ்நாடு. தமிழ்நாட்டுப் பகுதியை 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். சார் கேன்டீனில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, சாம்பார் வாளிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், ஃபர்ஸ்ட் சிலிக்கா."

பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிற ஒடிசா தம்பி. ஊர் பாலுகாவ். சிலிக்கா ஏரிக் கரையிலேயே பிறந்தவன். அப்பா அந்த ஏரியில் மீன் பிடிக்கிறார். தம்பி தமிழை முழுக்க முழுக்க லைனில் நின்று கற்றுக்கொண்டவன். அவனுடைய தமிழில் காதல், கவிதை எதற்கும் வார்த்தை கிடையாது, ஆனால் எந்த மெஷின் நின்றாலும் விளக்கிவிடுவான். அதிகம் பேசாதவன். ஆனால் சிலிக்கா இரண்டாம் இடத்துக்குப் போய்விடுமோ என்ற சந்தேகம் வந்தால் சும்மா இருக்க மாட்டான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மெயின்டனன்ஸ் அண்ணாச்சிக்கு ஊர் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம். "பறவ பாக்கதுக்கு வேன் புடிச்சிப் போகணுமாக்கும்?" என்றார். "எங்கூர்ல வீட்டுப் புறவாசல் மரத்துல வந்து கூடு கட்டும்வே. நாம பாக்கணும்னு கெடயாது. அது நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கும். துணி காயப்போட முடியாது, அம்புட்டு எச்சம்." கூந்தன்குளத்தை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அண்ணாச்சியின் பாட்டி அதற்கு வெகுகாலம் முன்பே கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்திருக்கிறார். வெடிச்சத்தம் கேட்டால் பறவை போய்விடும் என்று அங்கேயும் தீபாவளிக்கு ஊர் அமைதி.

ஆக, எங்கள் குழுவில் பறவை ஊர்க்காரர்கள் இருவர். இருவருக்கும் பறவை பார்க்க ஆர்வமில்லை. ஆர்வம் உள்ள டிசைன் சாருக்குச் சொந்த ஊர் தி.நகர்.

கிளம்புவதற்கு முன் டிசைன் சார் ஒரு சுற்றறிக்கை விட்டார். மண் நிறம், இலை நிறம், சாம்பல் நிறம். இவற்றில்தான் உடை இருக்க வேண்டும். பளிச்சென்று எதுவும் கூடாது. இது சேஃப்டி ஆபீசர் கண்ணில் பட்டது. கம்பெனி வண்டியில் நீர்நிலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் ஆரஞ்சு ஜாக்கெட் அணிய வேண்டும் என்று அவர் வேறொரு சுற்றறிக்கை விட்டார். இரண்டில் எதில் சீல் இருந்ததோ அது ஜெயித்தது. உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த காட்டு நிறச் சட்டையில் ஒருவரும், ஒரு மைல் தூரத்தில் இருந்தே ஒளிவீசுகிற ஆரஞ்சு ஜாக்கெட்டில் மற்ற எல்லோருமாகத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினோம்.

சூரியன் உதிக்கும்போது ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்பது பேர்டிங் விதி. எங்களில் பாதிப் பேருக்கு சி ஷிப்ட் முடிந்ததே காலை ஆறு மணிக்கு. பஞ்ச் அடித்துவிட்டு அப்படியே வேனில் ஏறியவர்கள், வேன் ஒரகடம் ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள். வெளிவட்டச் சாலையில் ஏறி மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். டிசைன் சார் மட்டும் முன்சீட்டில் கைக்கடிகாரத்தையும் கிழக்கு வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, டெலிவரி தாமதமான கஸ்டமரின் முகத்தோடு வந்தார்.

அந்தச் சாலையில் எங்களுக்கு முன்னும் பின்னும் கார் ஏற்றிய டிரெய்லர்கள். எங்கள் பக்கத்து ஆலைகளில் செய்த கார்கள் கப்பல் ஏற எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போகின்றன. நாங்கள் அதற்குச் சற்று வடக்கே, நாடு கடந்து வந்திறங்கியவற்றைப் பார்க்கப் போகிறோம். ஊசிவால் வாத்து சைபீரியப் பக்கத்திலிருந்து வருகிறது. இமயமலையைக் கடந்தோ சுற்றியோ வரும் அந்த வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். எக்ஸ்போர்ட்டும் இம்போர்ட்டும் ஒரே ரோட்டில் என்று ஸ்டோர்ஸ் அண்ணன் தூக்கத்திலேயே சொன்னார். அவர் எழுந்து சொன்னவற்றைவிட அது நன்றாக இருந்தது.

எட்டரைக்குப் பழவேற்காடு. வெயில் ஏறிவிட்டது. பாலத்தருகே இறங்கியதும் மீன் வாடை, டீசல் வாடை, காய்கிற நெத்திலி. ஊர் தன் வேலையை எப்போதோ ஆரம்பித்துவிட்டிருந்தது.

பறவை பார்க்கிறவர்கள் கிசுகிசுத்துத்தான் பேச வேண்டுமாம். டிசைன் சார் கிசுகிசுத்தார். பறவைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றன. கிசுகிசுத்தது பக்கத்தில் இருந்த எங்களுக்கே கேட்கவில்லை. "என்ன சார்?" என்று நாங்கள் கத்த, "உஷ்!" என்று அவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். பாலத்தில் மீன்கூடையோடு போன ஒரு அம்மா யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து நின்று விசாரித்தார்.

சார் காட்டக் காட்டப் பெயர்கள் வந்தன. கம்பத்தின் மேல் இறக்கையை விரித்துக் காய வைப்பது நீர்க்காகம். தண்ணீர் மேல் தாழப் பறப்பது ஆலா. சேற்றில் ஓடி ஓடிக் குத்துவது உள்ளான். உள்ளானில் பல வகை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஆலையில் ஒரு பார்ட்டின் பழைய டிராயிங்குக்கும் புதிய டிராயிங்குக்கும் உள்ள வித்தியாசம்: தெரிந்தவருக்கு மட்டும் தெரியும், மாறிப்போனால் பெரிய தகராறு வரும். அப்புறம் சார் ஸ்கோப்பைத் திருப்பி, "பூநாரை" என்றார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கரையில் படிந்த உப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபோகஸ் சரியானதும் கோட்டுக்குக் கால் முளைத்தது. நூற்றுக்கணக்கில், எல்லாமே தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்காமல்.

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் எல்லோரும் பேசாமல் நின்றோம். அதற்குள் யாரோ கேட்டுவிட்டார்கள்: "மொத்தம் எவ்வளவு சார்?"

அங்கே ஆரம்பித்தது.

பறவை பார்க்கிறவர்களுக்கு இ-பேர்ட் என்று ஒரு செயலி உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்துவது. உலகம் முழுக்க இருப்பவர்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பறவையை, எத்தனை பார்த்தோம் என்று அதில் பதிகிறார்கள். விஞ்ஞானிகள் வலசையின் போக்கை அதிலிருந்து படிக்கிறார்கள். பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் தனியாகக் கணக்கெடுப்பே நடத்துகிறார்கள். செயலியில் எண் போட வேண்டும். எண் தெரியாவிட்டால் எக்ஸ் என்று போட்டுக்கொள்ளலாம்: இருந்தது, எண்ணவில்லை என்று பொருள்.

"எக்ஸா?" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன். முழுசாக விழித்துக்கொண்டார். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எக்ஸ் போட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார்."

அவர் கொள்கை எளிது: ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால்தான் ஸ்டாக். தொட வழியில்லாததால் விரலை நீட்டிக் காற்றில் எண்ணத் தொடங்கினார். நான் அதை ஏற்கவில்லை. லாட் முழுவதையும் எண்ணுவது அறியாமை; சாம்பிள் எடுக்க வேண்டும். டிசைன் சாரும் ஏறக்குறைய என் கட்சிதான். பெரிய கூட்டத்தை எண்ணும்போது பத்தை எண்ண வேண்டும், அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்படி எத்தனை பத்து என்று கணக்கிட வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்களாம். "அப்போ உலகம் முழுக்க ஸ்டாக் தப்பு" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன், விரலை இறக்காமல்.

பிளானிங்கில் இருந்து வந்த பெண் மட்டும் வேறு கேள்வி கேட்டார். "போன வருஷம் இதே வாரம் எவ்வளவு சார்?" அவருக்கு எண்ணிக்கை முக்கியமில்லை, டார்கெட்டை எட்டினோமா என்பதுதான் முக்கியம். இந்தக் கேள்விதான் விஞ்ஞானிகளின் கேள்வியும் என்று டிசைன் சார் வியந்து பாராட்டினார். பிளானிங்கை யாரும் வியந்து பாராட்டியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஸ்டோர்ஸ் அண்ணன் 340-ஐத் தாண்டிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்தது. கோட்டின் ஒரு முனை எழும்பியது. பிறகு முழுக் கோடும் எழும்பியது. அதுவரை வெள்ளையாக இருந்தவை இறக்கையை விரித்ததும் ரத்தச் சிவப்பும் கறுப்புமாக ஆகிவிட்டன. ஏரிக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி ஆந்திரா பக்கம் பறந்தன.

அண்ணன் விரலை நீட்டியபடியே நின்றார். "இஷ்யூ ஸ்லிப் இல்லாம வெளிய போயிருக்கு" என்றார். "அதுவும் அடுத்த ஸ்டேட்டுக்கு."

பாதி மட்டும் அங்கே போய் மீதி திரும்பி வந்தது. ஸ்கோப் வழியாக அவற்றை நிதானமாகப் பார்த்தபோதுதான் எங்கள் ஆட்களுக்கு நிஜமான சுவாரசியம் பிடித்தது. டிசைன் சார் விளக்கினார். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கிறது. நாக்கைப் பம்பாக்கித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது, நொடிக்குப் பல தடவை. அலகின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தகடுகள். சேறும் தண்ணீரும் வெளியே போகும்; பாசியும் சின்ன இறாலும் உள்ளே தங்கும்.

"ஃபில்டர எப்ப மாத்துவாக?" என்று கேட்டார் அண்ணாச்சி.

மாற்றுவதில்லை. கிழவயது வரை அதே ஃபில்டர்.

"பேக்வாஷும் அதுவே பண்ணிக்கிடுதா?" ஸ்கோப்பை விட்டு நகராமல் ரொம்ப நேரம் பார்த்தார். கூந்தன்குளத்துப் பெருமையைக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பெயின்ட் ஷாப் ஆளுக்கு வேறு அதிர்ச்சி காத்திருந்தது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். தின்கிற பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டுதான் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. முழு நிறம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். தீனி மாறினால் நிறம் வெளுக்கும். அவர் ஒரு காரின் மேல் பூச்சுக்காகப் பிரைமர், பேஸ், கிளியர், ஓவன் என்று நாள் முழுக்க மாஸ்க்கோடு நிற்பவர். "சாப்பிட்டே கலர் ஏத்திக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது தக்காளி சாதத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் என் துறையை விட்டுக்கொடுக்க முடியுமா? முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது, இது அசெம்பிளியில் நடந்த தப்பு என்று எடுத்துச் சொன்னேன். அது முழங்காலே இல்லை, கணுக்கால் என்றார் சார். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. டிராயிங்படிதான் இருக்கிறது, நான்தான் டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். ரிஜெக்ஷன் வாபஸ் ஆனது.

ஆனால் எல்லோரையும் கட்டிப்போட்டது ஒற்றைக்கால் சமாசாரம். 2017-இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், சாங், டிங் என்று பெயர், செத்துப்போன பூநாரையின் உடலை எடுத்து ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது. இரண்டு காலில் நிறுத்தினால்தான் விழுந்தது. ஒற்றைக்காலில் உடம்பின் எடையே மூட்டைப் பூட்டிவிடுகிறது. தசைக்கு வேலையே கிட்டத்தட்ட இல்லை. அதனால் உயிரோடு இருக்கிறதும் நின்றபடியே நிம்மதியாகத் தூங்குகிறது. சி ஷிப்ட் முடித்து வந்தவர்கள் இதைக் கேட்டு ஆழ்ந்த மௌனத்தில் மூழ்கினார்கள். கம்பெனி பஸ்ஸில் சீட் கிடைக்காத நாட்களை நினைத்திருப்பார்கள். ஒருவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்து முயற்சியும் செய்தார். மனித மூட்டுக்கு அந்த வசதி இல்லை என்பது நிரூபணமானது.

டச்சுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 1613-இல் அவர்கள் இங்கே கெல்டிரியா என்று கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி செய்தார்கள். கோட்டைக்குள் வெடிமருந்தும் தயாரித்தார்கள். நானூறு வருஷத்துக்கு முந்திய சிப்காட். இன்று ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்குத் திட எரிபொருள் தயாராகிறது. வெடிமருந்துத் தொழில் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவே இல்லை, தண்ணீரைத் தாண்டிக் குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றின் முன் நைட் ஷிப்ட் ஆட்கள் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யார் எந்தப் பக்கம் என்று எச்.ஆர். மேடம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.

வெயில் உச்சிக்கு வந்ததும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் பக்கத்தில் நிழல் தேடி உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்டார் அண்ணாச்சி. "இன்னிக்கி எங்க பாடு இல்லீங்க" என்றார் அவர்.

ஏரியில் இறால் விழுகிற இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒரு இடத்தில் அள்ளலாம், இன்னொரு இடத்தில் ஈ ஓட்டலாம். அதனால் எந்த நாளில் எந்தக் குழு எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துச் சுற்றிவருகிறார்கள். இதுதான் பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஷிப்ட் ரோஸ்டர். எக்செல் ஷீட் இல்லாமல் நடக்கிறது என்று பிளானிங் பெண் நோட்டில் குறித்துக்கொண்டார்.

எனக்கும் மெய்சிலிர்த்துத்தான் போயிற்று. ஆனால் குவாலிட்டிக்காரனுக்கு மெய்சிலிர்ப்பு அதிக நேரம் தாங்காதே. லிஸ்ட்டில் எல்லோருக்கும் பெயர் உண்டா என்று கேட்டேன். இல்லை. பரம்பரையாகப் பாடு உள்ள ஊர்க்காரர்களுக்குத்தான். மற்றவர்கள் மிச்சத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் சண்டையும் வழக்கும் உண்டு. எங்கள் கூட்டத்தில் இருந்த கான்ட்ராக்ட் பையன்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒடிசா தம்பி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான்.

ஏரியைக் காட்டுவதற்காகத்தான் போட்டான். இரண்டாவது பெரிய ஏரி எப்படி இருக்கிறது என்று முதலாவது ஏரிக்காரர் பார்க்கட்டும் என்று. அப்பா பறவைகளைப் பார்க்கவே இல்லை. கேமராவை இறக்கு, இறக்கு என்று சைகை செய்தார். வலை தெரிந்ததும் "நிறுத்து" என்றார். ஒடியாவில்தான், ஆனால் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. மீனவர் வலையைத் தூக்கிக் காட்டினார். அங்கே அப்பா போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் வலையை எடுத்து வந்து காட்டினார். இரண்டு பேரும் கண்ணியில் விரலை விட்டு அளவு காட்டிக்கொண்டார்கள். பிறகு பேச்சு ஆரம்பமானது. நடுவில் மொழிபெயர்ப்பாளன், பிரஸ் ஷாப் தமிழோடு.

"அப்பா கேக்குது, கடல் கேட் ஓப்பனா, க்ளோஸா?"

மீனவர் விழித்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார். "முகத்துவாரமா? அடிக்கடி மண்ணு தூந்து அடைச்சிக்குது தம்பி. கடல்லேர்ந்து எறா உள்ள வர்றதில்ல."

தம்பி போனைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னான். நடுவில் "ஜாம்" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. அப்பா நெற்றியைத் தட்டிக்கொண்டு அதைவிட நீளமாகப் பேசினார்.

"அப்பா சொல்லுது, எங்க ஊர் சேம் பிராப்ளம். கேட் ஜாம். லைன் ஸ்டாப். மீன் இல்ல, எறா இல்ல, ஆளுங்க எல்லாம் வெளியூர் போயிடுச்சு. அப்புறம் 2000-ல கவர்மென்ட் புது கேட் கட் பண்ணிச்சு. அப்புறம் மெட்டீரியல் ஃபுல்லா வந்துச்சு."

"மெட்டீரியலா?"

"மீன், எறா, நண்டு. ஆல் மெட்டீரியல்."

உண்மைதான். சிலிக்காவின் பழைய முகத்துவாரம் தூர்ந்து, ஏரியே செத்துக்கொண்டிருந்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள். அதற்குப் பிறகு சில வருஷங்களிலேயே மீன்வளம் பல மடங்கு ஏறியது. டிசைன் சார் இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறார். எங்கள் பிரஸ் ஷாப் தம்பி அதன் வழியாக வளர்ந்திருக்கிறான்.

"இங்கயும் தோண்டறாங்க தம்பி. தோண்டிட்டுப் போவாங்க, மறுபடி மண்ணு வந்துடும். மறுபடி தோண்டணும்" என்றார் மீனவர்.

"ரீவொர்க்" என்றான் தம்பி, அனுதாபத்தோடு. அதை ஒடியாவில் எப்படிச் சொன்னானோ, அப்பாவும் அதே அனுதாபத்தோடு தலையாட்டினார்.

துறைமுகம் பற்றியும் பேச்சு வந்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இந்தப் பகுதி மீனவர்கள் பல வருஷமாக எதிர்த்துவருகிறார்கள். தம்பி அதை "அடுத்த பிளாண்ட் எக்ஸ்டென்ஷன், நம்ம ஸ்பேஸ் கம்மி ஆவும்" என்று மொழிபெயர்த்தான் என்று அவனே பிறகு சொன்னான். அறிக்கைகளில் இதைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

நாங்கள் எல்லோரும் போன் திரையைச் சுற்றி ஆரஞ்சு வட்டமாக நின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் ஆந்திராவுக்குப் போன பாதிக் கூட்டம் திரும்பி வந்தது, சரியாக எங்கள் தலைக்கு மேலே, பனைமரத்து உயரத்தில். கழுத்து முன்னே நீட்டி, கால் பின்னே நீட்டி, வாத்துக் கத்தலோடு. இதைப் பிறகு டிசைன் சார் சொல்லித்தான் தெரியும். அவர் மட்டும்தான் பார்த்தார். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பதைப் பிடிக்கிற லென்ஸில் தலைக்கு மேலே போவது அடங்கவில்லை. அவருக்குக் கிடைத்த படம் ஒரு வயிறு. நல்ல வயிறுதான், ஃபோகஸ் சுத்தமாக இருந்தது. போன் பக்கம் திரும்பி நின்றிருந்த எங்களைப் பார்த்து அவர் கிசுகிசுக்காமல் கத்தியது அன்றைக்கு அப்போதுதான் நியாயமாக இருந்தது.

"எத்தன சார்?" என்று ஓடினார் ஸ்டோர்ஸ் அண்ணன்.

சார் எக்ஸ் போட்டுவிட்டார்.

கிளம்புகிற நேரம் வந்ததும் நண்டு வாங்கும் யோசனை வந்தது. பழவேற்காட்டு நண்டு என்றால் சென்னையில் தனி மவுசு. மீனவரின் கூடையில் கொடுக்குக் கட்டிய நண்டுகள் கிடந்தன. ஒடிசா தம்பி ஒரு கிலோ கேட்டான். அவர் பெரியதாகப் பொறுக்கி, தராசில் நிறுத்து, மேலே ஒன்றைச் சேர்த்துப் போட்டு, ஒரு விலை சொன்னார். அதே விலைதானே என்று நாங்களும் வரிசையில் நின்றோம். எனக்கு நிறுத்தபோது கிலோவுக்கு நூறு ரூபாய் கூடியிருந்தது, மேலே போடுகிற ஒன்றையும் காணோம்.

அளவில் வேறுபாடு இல்லை, தரத்தில் வேறுபாடு இல்லை, ஒரே லாட், ஒரே கூடை. விலை மட்டும் எப்படி மாறும் என்று முறைப்படி கேள்வி எழுப்பினேன்.

"அவரு தொழில்காரர் ஊட்டுப் புள்ள" என்றார் அவர், சில்லறையை எண்ணிக்கொண்டே. "நீங்கள்லாம் பறவை பாக்க வந்தவங்க."